பனிக்குளத்து ஆட்டமும் சாமைக்காட்டுப் பந்தும்

கப்பல் ஏறுவதற்கு முன்பு ஊரில் நான் அடித்துவிட்டுப் போன ஒரு ஜம்பத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடந்ததெல்லாம் அதனால் வந்த வினை. மலைமேல் ஒரு ஊரின் ஆட்டக்களமே என் வாய்ச் சவடாலால் பறிபோக இருந்தது.

என் ஊர் காரவள்ளி. கொல்லிமலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை எங்கள் காட்டு ஓரத்தில்தான் தொடங்குகிறது. மேலேயிருந்து மிளகு மூட்டை சுமந்து இறங்குகிறவர்கள் எடை போடும்வரை எங்கள் களத்தில் இளைப்பாறுவார்கள். சேலத்தில் படித்த காலத்தில் நான் பள்ளிக்கூடப் பந்தாட்டக் குழுவில் இடது கோடியில் ஓடியவன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது தோல்பந்து ஒன்றைக் கொண்டுவந்து அவர்கள் நடுவே உருட்டிவிட்டேன். ஆறே மாதத்தில் பந்து மலையேறிவிட்டது. தேவனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு) ஒரு குழுவே கிளம்பிவிட்டது. அதற்குத் தலைவன் நல்லான். என் வயதுக்காரன், என் சிநேகிதன். தலையில் மூட்டை இருந்தாலும் கால் சும்மா இராது. வழியில் கிடக்கும் நெல்லிக்காயை எத்திக்கொண்டேதான் இறங்குவான்.

படிப்பு முடிந்து நான் சென்னையில் ஒரு மிளகு வியாபாரியிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஒரு மிளகைக் கடித்துப் பார்த்தால் அது எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்த நாக்குக்காகவே முதலாளி அமெரிக்காவுக்குச் சரக்கு மாதிரி காட்டப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வழியனுப்ப வந்த நல்லான் கேட்டான்: "ஏனுங்க, அந்தச் சீமையிலயும் நம்ம பந்தாட்டம் ஆடுவாங்களாங்க?"

"ஆடுவாங்களாவா? அங்கே இந்த ஆட்டந்தான் ராஜா! கோடீஸ்வரன் எல்லாம் சோத்தை மறந்துட்டு வந்து பாக்கறான்!" என்றேன். அமெரிக்கா எந்தத் திக்கில் இருக்கிறது என்பதைத் தவிர அந்த நாட்டைப்பற்றி எனக்கு அப்போது வேறொன்றும் தெரியாது.

பாஸ்டன் நகரத்தில் போய் இறங்கியது மார்கழி மாதம். நம் மார்கழி இல்லை. மூச்சு விட்டால் புகை வருகிற, காது மடலைத் தொட்டால் யாருடைய காதோ என்று தோன்றுகிற மார்கழி. முதல் நாள் சாப்பாட்டுக் கடையில் அவித்த மொச்சை என்று ஒரு கிண்ணம் வைத்தார்கள். ஆவலோடு வாயில் போட்டேன். வெல்லப்பாகு! மொச்சைக்கொட்டையை வெல்லத்தில் வேகவைத்துச் சோற்றுக்கு மாற்றாகச் சாப்பிடுகிற ஊருக்கு வந்துவிட்டோமே என்று கரண்டியைக் கீழே வைத்தேன். மேசைமேல் மிளகுத்தூள் புட்டி இருந்தது. தட்டி முகர்ந்தேன், மண்வாசனைகூட இல்லை. சட்டைப்பையில் இருந்த நம் மலைமிளகை நாலைந்து எடுத்து, கரண்டிக் காம்பால் நுணுக்கித் தூவிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த வண்டிக்காரர் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் வழிய, "இத்தனை நாள் நான் சாம்பலைத் தின்றிருக்கிறேன்" என்றார். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாம் நாள், சரக்கு வாங்குகிறவரின் குமாஸ்தா ஹென்றியிடம் பந்தாட்டத்தைப் பற்றி விசாரித்தேன். அவர் புட்பால் என்று சொன்னது தேங்காய் போன்ற ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். காலால் உதைக்கும் நம் ஆட்டத்தை அங்கே சாக்கர் என்கிறார்களாம். "அதை யார் ஆடுகிறார்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "கோடையில் வந்தால் பேஸ்பால் காட்டுவேன். இப்போது பனிக்காலம். சனிக்கிழமை என்னோடு வாருங்கள், ஹாக்கி பார்க்கலாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையை மறக்க மாட்டேன். கூரை போட்ட ஒரு பெரிய கட்டடம். ஒரு தேர்த்திருவிழாக் கூட்டத்தைத் தூக்கி வந்து படிக்கட்டுப் படிக்கட்டாக அடுக்கி வைத்தது போல ஜனம். கீழே தரையெல்லாம் பனிக்கட்டி. யந்திரம் வைத்துத் தண்ணீரை உறைய வைத்திருக்கிறார்கள். பூட்சுக்கு அடியில் கத்தி கட்டிய ஆட்கள் அதன்மேல் பறக்கிறார்கள். கையில் வளைந்த தடி. பந்து கிடையாது, கருப்பட்டி வட்டு மாதிரி ஒரு ரப்பர் வில்லை. அது எங்கே போகிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் இருபக்கமும் ஒவ்வொரு கோல் விழுந்துவிட்டது. தொப்பி வைத்த சீமாட்டிகள் எழுந்து நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன், எந்தக் கட்சிக்கு என்று தெரியாமலே.

நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் நின்றது என்று அர்த்தம். ஆனால் விசிலுக்குப் பிறகும் ஒருவன் வில்லையை அடித்தான். எதிராளி அவன் முகத்தில் குத்தினான். உடனே பத்துப் பேர் கட்டிப் புரண்டார்கள். வெள்ளைப் பனியில் சிவப்பாகச் சொட்டியது. கூட்டத்துக்கு அப்போதுதான் உயிரே வந்தது. "பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள்" என்றார் ஹென்றி, கடலையைக் கொறித்துக்கொண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நம் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் இந்த ஊரைவிட்டுப் போவதில்லை என்று பிடிவாதமாகக் கிளம்பினேன். தூரத்தில் ஒரு நூல்மில் ஊரில் ஆடுகிறார்கள் என்று கேள்வி. டிராம் வண்டியில் ஏறி உட்கார்ந்து அரைமணி நேரம் வேடிக்கை பார்த்த பிறகுதான் அது நேர் எதிர்த்திசையில் போகிறது என்று தெரிந்தது. இறங்கி வேறு வண்டி பிடித்தால், அதன் தலைக்கம்பி மேலேயிருந்த மின்கம்பியை விட்டுக் கழன்று நடுவழியில் நின்றது. கண்டக்டர் பனியில் இறங்கி, முருங்கைக்காய் பறிக்கிறவர் மாதிரி அண்ணாந்து கயிற்றை இழுத்து இழுத்து மாட்டினார். போய்ச் சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது.

மில் சுவருக்குப் பின்னால் ஒரு சேற்று மைதானம். சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு வெளியே ஒரு கலியாண வீட்டுக் கூட்டந்தான் இருக்கும். எல்லோரும் நெசவுக்காரர்கள். பாதிப்பேர் ஸ்காட்லாந்து தேசத்தவர், மீதிப்பேர் போர்த்துகீசியர். ஆட்டமோ அற்புதம்! இடது கோடியில் ஓடிய ஒரு குள்ளன் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு மூன்று பேரைச் சுற்றிவிட்டுப் போனான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் நின்ற ஸ்காட்லாந்து நெசவுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கள் ஊரில் இது உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. வெறுங்காலோடு. மலைமேல்" என்றேன்.

அவர் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் உரக்க. பிறகு கேட்டேன், ஏன் இத்தனை குறைந்த கூட்டம் என்று. "இங்கே பிறந்தவன் எவனும் இதைப் பார்க்க வருவதில்லை. வாரம் ஆறு நாள் மில்லுக்கு, இந்த ஒரு நாள் எங்களுக்கு. நாங்கள் ஆடுகிறோம், நாங்களே பார்க்கிறோம்" என்றார். அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. குறை எனக்குத்தான். நல்லானிடம் சொன்ன ராஜாவும் கோடீஸ்வரனும் நினைவுக்கு வந்து முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த ஞாயிறு ஹென்றி என்னைத் தம் தகப்பனாரின் பண்ணைக்கு அழைத்துப் போனார். அங்கே மாடு தண்ணீர் குடிக்கிற குளம் முழுவதும் உறைந்து கிடந்தது. அக்கம்பக்கத்துப் பண்ணையாட்கள் அதன்மேல் ஹாக்கி ஆடினார்கள். கட்டடத்தில் பார்த்த ஆட்டமேதான். ஆனால் டிக்கெட்டும் இல்லை, சண்டையும் இல்லை. குளக்கரையில் ஒரு கம்பம், அதில் ஒரு சிவப்புத்துணி. பெரியவர் தினம் காலையில் கடப்பாரையால் குத்திப் பார்த்துப் பனிக்கட்டி தாங்கும் என்று தெரிந்தால் துணியை ஏற்றுவார். இளகத் தொடங்கினால் இறக்கிவிடுவார். இறக்கிய பிறகு கவர்னரே வந்தாலும் குளத்தில் கால் வைக்கக் கூடாது. அன்று உச்சி வெயிலில் ஒரு மூலை இளகவே துணி இறங்கியது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த நொடியே நின்று கரையேறினார்கள். "மூன்று மாதம் ஆட்டக்காரனுடைய குளம், மற்ற நாள் மாட்டினுடைய குளம். துணி இறங்கியதும் நின்றுவிடுவான் என்று தெரிந்ததால்தான் விடுகிறேன்" என்றார் அவர். நல்ல மனிதர். அவருக்கும் ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தேன்.

பங்குனி பிறந்து ஊர் திரும்பினேன். வந்த மூன்றாம் நாளே நல்லான் வாசலில் நின்றான். மூட்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நாளைக்கு நாட்டுக் கூட்டமுங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் எங்களுக்கு ஆட எடம். இல்லீன்னா போச்சுங்க" என்றான்.

சங்கதி இதுதான். மலையில் சமதரை என்று அவர்கள் ஊருக்கு இருப்பது வெள்ளையம்மாளின் சாமைக்காடு ஒன்றுதான். அவள் புருஷன் இல்லாதவள். அந்தக் காடுதான் அவளுக்குச் சோறு. அறுப்பு முடிந்ததும் பந்தாட விட்டிருந்தாள். போன வருஷம் இந்த மடையர்கள் கோடைமழை விழுந்த பிறகும் ஈரமண்ணில் ஆடித் தீர்த்துவிட்டார்கள். மண் மிதிபட்டுப் பாறையாக இறுகிவிட்டது. ஏர் இறங்கவில்லை, சாமையும் பாதிகூட விளையவில்லை. இந்த வருஷம் முள்ளு வெட்டி வேலி போடப்போவதாகச் சொல்லிவிட்டாள். நல்லான் போன கூட்டத்தில் எழுந்து, "இது வெட்டி ஆட்டமில்லீங்க, அமெரிக்காவுல ராசா மாதிரி ஆட்டம், காரவள்ளிக்காரரு சொன்னாரு" என்று வாதாடியிருக்கிறான். "அப்ப அவரு வரட்டும். வந்து சொன்னா வேலி வேண்டாம். இல்லாட்டி வேலிதான்" என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்.

விடியலில் ஏறத் தொடங்கினோம். பாஸ்டனில் வாங்கிய பூட்சை மாட்டிக்கொண்டு ஜம்மென்று முன்னால் நடந்தேன். முதல் செங்குத்திலேயே சறுக்கி உட்கார்ந்தேன். இரண்டாவதில் கவிழ்ந்தேன். "கழட்டிப் போடுங்க, மலை கோவிச்சுக்குது" என்றான் நல்லான். ரோஷம் விடவில்லை, மேலே போய்ச் சேரும்வரை கழற்றவில்லை. உச்சி வேளைக்குச் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தன. வெல்லம் போடாத அவரைக்கொட்டை! மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்ட தெம்பில் நேராகக் காட்டைப் பார்க்க இறங்கினேன், பூட்ஸ் காலோடு. பின்னாலிருந்து ஒரு குரல்.

"செருப்புக் காலோட நெலத்துல எறங்காதீங்க சாமி. அது எனக்குச் சோறு போடற எடம்."

வெள்ளையம்மாள். ஐம்பது வயதிருக்கும், இடுப்பில் அரிவாள். குடியானவன் வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அமெரிக்காவுக்குப் போய்வந்த கொழுப்பில் மறந்திருந்தது. பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தப்புத்தான் வெள்ளையக்கா" என்றேன். காது சுட்டது.

கூட்டம் காட்டை ஒட்டிய பலாமரத்தடியில் கூடியது. அந்த நாட்டில் நிலத்தகராறுக்குச் சாட்சி சொல்கிறவன் அந்த நிலத்து மண்ணை ஒரு பிடி கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பொய் சொன்னால் அந்த நிலம் விளையாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஊர்க்கவுண்டர் என் கையில் மண்ணைப் போட்டார். கூழாங்கல் போல இறுகிய கட்டி. எதிரே நல்லான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பொய், ஒரே ஒரு பொய் போதும். ஆட்டம் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். ஆனால் வெள்ளையம்மாளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுத்த வருஷச் சோறு என் கையில் இருந்தது.

"நான் நல்லான்கிட்டச் சொன்னது பொய்ங்க. பாக்காம அடிச்சுவிட்டது" என்றேன். சலசலப்பு. "அங்கே நம்ம ஆட்டத்துக்கு மவுசு இல்லை. பிழைக்கப் போன நெசவுக்காரங்க ஞாயித்துக்கிழமை சேத்துல ஆடறாங்க, அவங்களே பாத்துக்கறாங்க. திருவிழாக் கூட்டம் கூடறது ஐஸ் மேல ஆடற வேற ஒரு ஆட்டத்துக்குத்தான்."

நல்லான் தலையைத் தொங்கப்போட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஊர்க்கவுண்டர் முள்ளு வெட்டச் சொல்லி வாயெடுக்கப் போனார். அதற்குள் வெள்ளையம்மாள் கேட்டாள்: "அதென்னுங்க சாமி ஐசு?"

"ஆலங்கட்டி தெரியுமில்லே? ஒரு குளம் பூராவும் ஒரே ஆலங்கட்டியா நினைச்சுக்கங்க. அது மேலே நின்னு ஆடறாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கையில் மண் இருக்கும்போதே புளுகுகிறானே என்று ஒருவர் கத்தினார். "குளத்துல ஆடுனா மாடு எங்கீங்க தண்ணி குடிக்கும்?" என்றாள் அவள். கேள்வி என்றால் அதுவல்லவா கேள்வி! நான் ஹென்றியின் தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன். கடப்பாரை, கம்பம், சிவப்புத்துணி, மூன்று மாதம் ஆட்டக்காரனுக்கு, மீதி மாதம் மாட்டுக்கு, துணி இறங்கினால் கவர்னரானாலும் நிற்க வேண்டும் என்பது வரை எல்லாம் சொன்னேன்.

அவள் தன் காட்டைத் திரும்பிப் பார்த்தாள். "துணி எறங்குனா நிசமாவே நின்னுருவாங்களா?"

"என் கண்ணால பாத்தேன்க்கா."

"அந்த நெசவுக்காரங்க, பாக்க ஆளே வராதுன்னு தெரிஞ்சுமா ஆடறாங்க?"

"ஆமாங்க. வாரா வாரம்."

"அப்ப அவங்களும் நம்ம பசங்க மாதிரித்தான். ஆடாம இருக்க முடியாத சாதி" என்று சொல்லிவிட்டு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினாள். "வேலி வேண்டாமுங்க. துணி எங்கையில இருக்கோணும். மொதத் துளி விழுந்தா எறக்கிருவேன். அதுக்கப்பறம் ஒருத்தன் கால் வெச்சாலும் அடுத்த வருசம் முள்ளுதான். போன வருசம் கெடுத்ததுக்கு மொத ஒழவு இவங்களே ஓட்டித் தரட்டும்."

"ஓட்டறோம் ஆத்தா!" என்று நல்லான் துள்ளி எழுந்தான். என் கையிலிருந்த மண்ணைத் திரும்பக் காட்டில் போட்டேன். என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் காரவள்ளிக்கும் தேவனூர் நாட்டுக்கும் பந்தயம். நாங்கள் பதினோரு பேர் மலையேறினோம். காட்டு ஓரத்தில் மூங்கில் நட்டு, வெள்ளையம்மாள் தன் பழைய சேலைக் கிழிசலைச் சிவப்பாகப் பறக்கவிட்டிருந்தாள். எல்லோரும் வெறுங்கால். மலைக்காரர்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அந்த நூல்மில் ஊர்க் குள்ளனை நிறுத்தி வைத்தாலும் நல்லானிடம் மூச்சு வாங்கியிருப்பான். இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் பின்தங்கினோம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது பந்து என் இடது காலுக்கு வந்தது. ஒருவனைத் தாண்டினேன், இன்னொருவனைத் தாண்டினேன். கோல் காக்கிறவன் எனக்கு எதிராகப் பாய்ந்து, ஏமாந்து, குப்புற விழுந்தான். கோலுக்கு நட்ட இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெறும் வெளி. ஒரு தட்டு தட்டினால் ஆட்டம் சமன்.

என் மூக்கின்மேல் ஒரு துளி விழுந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். வெள்ளையம்மாள் கம்பத்தடியில் நின்று துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. துணி இறங்கியது. மலைக்காரர்கள் அத்தனை பேரும் எந்த இடத்தில் இருந்தார்களோ அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். என்னைத் துரத்திவந்த நல்லான் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தான். விசில் இல்லை, சத்தமில்லை. என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. பந்து என் காலடியில்.

தட்டிவிடத்தான் ஆசை, பொய் சொல்வானேன்? பிறகு குனிந்து பந்தைக் கையில் எடுத்து நல்லானிடம் கொடுத்தேன். இருபத்திரண்டு பேரும் மண் அதிராமல் வரப்புக்கு நடந்தோம். வெளியே வந்து சேர்வதற்கும் மழை சடசடவென்று பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. வெள்ளையம்மாள் தலையில் கோணிச்சாக்குக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு தன் காடு நனைவதைப் பார்த்து நின்றாள்.

"அந்தக் கொளத்துக்காரருக்கு ஒரு கடுதாசி போடுங்க கண்ணு" என்றாள். "இங்கயும் துணி எறங்குனா நின்னுர்றாங்கன்னு எழுதுங்க."

எழுதினேன். இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் தோற்றதையும் மறைக்காமல் எழுதினேன். அமெரிக்காவுக்கு நான் அடித்த ஜம்பங்களில் அந்தத் தோல்வியைப் போலப் பெரிய ஜம்பம் வேறில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய்யும் இல்லை.